எண்ணாமல் விட்ட பறவைகள்

அழிவாய்ப்பு மதிப்பீடு பற்றிய இந்த மாநாட்டுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறீர்கள். பேச்சை ஒரு மலையிலிருந்து தொடங்குகிறேன்.

சிறுவனாக இருந்தபோது பாட்டி என்னைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப் போவார். உச்சிப்பொழுதில் பூசகர் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் காத்திருப்பார். அழுக்கு வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வந்திறங்கி, நாலு வாய் தின்றுவிட்டுப் போகும். சாபம் பெற்ற முனிவர்கள் என்பார் பாட்டி. மஞ்சள்முகப் பாறு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நூற்றாண்டில் அவை அங்கே வருவதில்லை. கடைசியாக வந்த நாள் எது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு விடை வரும். தினமும் கூட்டம் கூடிப் பார்த்த பறவைக்கே இந்தக் கதி.

எந்த இனம் அழிவை நெருங்குகிறது என்று வகைப்படுத்தும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 1964இல் தொடங்கியது. முதல் முப்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் அறிந்தவர்களின் கணிப்பையே நம்பி நடந்தது. யார் உரக்கச் சொன்னாரோ அவருடைய விலங்கு மேலே ஏறியது என்று சொன்னால் சற்று மிகைதான்; ஆனால் முற்றிலும் பொய்யில்லை. எண்ணால் அளக்கும் விதிகள் 1994இல் வந்தன; அவற்றைத் திருத்தி 2001இல் வந்த வடிவத்தைத்தான் இன்றும் கையாள்கிறோம். எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது, வாழும் பரப்பு எவ்வளவு குறுகியது, சிறிய கூட்டம் தொடர்ந்து தேய்கிறதா, மிகச் சிலவே எஞ்சியுள்ளனவா, கணக்கீட்டு மாதிரி என்ன சொல்கிறது என்று ஐந்து வாசல்கள். ஒன்றில் நுழைந்தாலே போதும். இனப்பெருக்க வயதை எட்டியவை ஐம்பதுக்கும் குறைவு என்றால், வேறெதுவும் கேட்காமல் ‘மிக அருகிய இனம்’ என்று எழுதலாம்.

முதல் வாசலில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்பது விழுக்காடு குறைந்திருந்தால் மிக அருகியது. ஐம்பது என்றால் அருகியது. முப்பது என்றால் அழிவாய்ப்புள்ளது. இன்று எத்தனை இருக்கின்றன என்பதைவிட முன்பு எத்தனை இருந்தன என்பதே இங்கே கேள்வி.

வெண்முதுகுப் பாறு இனத்தை எடுத்துக்கொள்வோம். மாடு செத்த இடத்திலெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவை. அதைப் போய் யார் எண்ணுவார்கள்? ஆனால் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களின் நடுவில் எண்ணி வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து அங்கேயே மறுபடி எண்ணியபோது, கழுத்து தொங்க மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகளும் கீழே செத்துக் கிடந்தவையும் கண்ணில் பட்டன. 1999இல் அந்தச் சரிவை வெளியிட்டார். 2000இல் அந்த இனம் மிக அருகியது ஆனது. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே அது 99.9 விழுக்காடு குறைந்தது.

காரணம் டைக்ளோஃபினாக் என்று 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காட்டியது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட ஊசி மருந்து, மாடு இறந்த பின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவு நேரும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தோம். மாயாற்றங்கரை நீர்மருதுகளில் இன்றும் சில கூடுகள் இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. பரத்பூரின் அந்தப் பழைய எண்ணிக்கை இல்லாவிட்டால், சரிவை நம்ப வைக்கவே இன்னும் எத்தனை ஆண்டு போயிருக்குமோ!

இதற்கு நேர்மாறு சிட்டுக்குருவி. அலைபேசிக் கோபுரத்தால் அழிந்தது என்று மேடைதோறும் அழுகிறோம். பட்டியலில் அது ‘கவலை குறைந்த’ வகையில் இருக்கிறது. உங்கள் தெருவில் இல்லாமல் போயிருக்கலாம். உலக அளவிலான மதிப்பீடு தெருவைப் பார்ப்பதில்லை, அதற்கு வட்டார மதிப்பீடு தனியே உண்டு. ‘கவலை குறைந்த’ என்ற மொழிபெயர்ப்பும் எனக்கு உவப்பானதல்ல. செய்தித்தாளில் அது ‘கவலை வேண்டாம்’ ஆகிவிடுகிறது. ‘தரவு போதாதது’ நிலைமை அதைவிட மோசம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகள் பல அந்த அறையில் உட்கார்ந்திருக்கின்றன. அதிகாரிகள் அதை ‘ஆபத்தில்லை’ என்று வாசித்துவிட்டு, சாலை போட அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்.

இளம் ஆய்வாளர்களே, அருகிய இனம்தான் வேண்டும் என்று ஆய்வுத் தலைப்பு தேடி வருகிறீர்கள். மைனாவையும் காகத்தையும் ஏரிக்கரைத் தவளையையும் யாராவது எண்ணுங்கள். மூத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பரணில் 1970, 80களின் களக்குறிப்பேடுகள் கரையான் தின்னக் கிடக்கும். தேதி, இடம், எண்ணிக்கை மூன்றும் இருந்தால் போதும், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நாளை மாலைக்குள் வரவேற்பு மேசையில் கொடுங்கள். படியெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம்.