தாயின் மேல் விழும் பழியும் ஒரு புரதமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டெங்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்குப் 'பிளேட்லெட்' என்ற சொல் பழகிவிட்டது. எண்ணிக்கை 150,000 இலும் குறைந்தால் நாம் பதறுகிறோம். காய்ச்சல் எதுவுமின்றி, பிறந்த நாளிலிருந்தே அது குறைந்திருக்கும் ஆண் குழந்தைகளும் உண்டு. மலத்தில் இரத்தம் போகும், தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றும், கரப்பன் ஆறாது, காதில் அடிக்கடி சீழ் வடியும். இதுவே விஸ்கொட்–ஓல்ட்ரிச் நோய்.

1937 இல் ஜேர்மனியில் விஸ்கொட் என்னும் வைத்தியர் இதை ஒரே வீட்டின் மூன்று சகோதரர்களில் கண்டார். சகோதரிகள் சுகமாக இருந்தார்கள். 1954 இல் அமெரிக்காவில் ஓல்ட்ரிச், இது தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவதைக் காட்டினார். 1994 இல் அதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தரும் புரதத்தின் பெயர் வாஸ்ப். 502 அமினோ அமிலங்களால் ஆனது.

திருவிழா முடிந்ததும் தண்ணீர்ப் பந்தலைக் கழற்றி, அதே தடிகளை வேறோர் இடத்தில் நடுவதைப் பார்த்திருக்கிறோம். எமது கலங்களுக்குள் அக்டின் இழைகளும் அப்படித்தான் இடையறாது கழன்று, மறுபடி கட்டப்படுகின்றன. வாஸ்ப் வழமையில் தன்மேல் தானே மடிந்து கிடக்கும். சமிக்ஞை கிடைத்ததும் விரிந்து, ஏழு புரதங்கள் சேர்ந்த ஆர்ப் 2/3 என்னும் கூட்டத்தை ஏவும். அது பழைய இழையின் பக்கத்தில், ஏறத்தாழ 70 பாகை சரிவில், புதிய கிளையைத் தொடங்கும். இக்கிளைகள் தள்ளுவதால்தான் வெண்குழியம் கிருமியை நோக்கி நகர்கிறது. வாஸ்ப் இல்லாவிட்டால் வெண்குழியம் தடுமாறும். குருதிச் சிறுதட்டுக்கள் சிறுத்து, மண்ணீரலில் விரைவில் அழியும்.

பத்து இலட்சம் ஆண் குழந்தைகளில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரையே இந்நோயுடன் பிறக்கிறார்கள். இவ்வளவு அரிதானதை இம்மேடையில் ஏன் பேசவேண்டும்? பிள்ளை இறந்தால் எங்கள் ஊரில் காரணம் தேடுவார்கள். தாய் கரப்பன் சாப்பாடு சாப்பிட்டாள், சொந்தத்துக்குள் கலியாணம் செய்தாள், அவளுடைய கிரகபலன் என்பார்கள். இந்நோய்க்கு இவற்றில் ஒன்றும் காரணமல்ல. தாயின் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை. அது அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைக் காவ இரண்டில் ஒரு வாய்ப்பு. சிலவேளை தாயிடம் இல்லாமலே பிள்ளையில் புதிதாகவும் தோன்றும்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. சிறுதட்டுக்களின் எண்ணிக்கையோடு அவற்றின் பருமனையும் கேளுங்கள். குடும்பத்தில் முன்னர் ஆண் குழந்தைகள் இப்படி இறந்திருந்தால், பி.சி.ஜி. ஊசி போடுமுன்னரே வைத்தியரிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி இப்பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். என்பு மச்சை மாற்றம் நோயைக் குணப்படுத்தும். பொருந்தும் சகோதரம் இருந்து, ஐந்து வயதுக்கு முன் செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் என்பு மச்சை மாற்றம் செய்கிறார்கள். அதை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தவர். அவருடைய பாட்டனார் யோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தது எங்கள் பண்டத்தரிப்பில்.

உலகின் எந்த மூலையிலும், பிள்ளையை இழந்த தாயைக் குறை சொல்லும் வீட்டில் எங்கள் பள்ளியில் படித்த ஒருத்தி இருந்தால், அவள் வாய் திறந்து இதைச் சொல்லட்டும்.