கப்பல் நின்ற ஒரு பகல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

2024-ஆம் ஆண்டில் நம் காலனியைச் சேர்ந்த பதினொருவர் டில்லியிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கு ஓர் உல்லாசக் கப்பலில் ஏறி, பினாங்குத் துறையில் ஒரு பகல் தங்கித் திரும்பினோம். அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கப்பலில் உண்ட உணவையும் கண்ட கேளிக்கைகளையும் விரித்துரைக்க நாங்கள் விரும்பவில்லை. அவற்றைக் கம்பெனியாரின் விளம்பரத் தாளே எங்களைவிட அழகாகக் கூறும். கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில், அவ்வூர் மக்கள் ஏறும் பேருந்திலேயே நாமும் ஏறி, காண்பன கண்டு, வாங்குவன வாங்கி, உரிய காலத்தில் திரும்புவது எங்ஙனம் என்பதே எங்கள் பேச்சின் பொருள். இதில் நாங்கள் தேறியதும் உண்டு; தவறியதும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் கூறுவோம்.

பினாங்கு தமிழர்க்குப் புதிய ஊர் அன்று. 1786-இல் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேற்றம் தொடங்கிய காலந்தொட்டே நம்மவர் வணிகராகவும், படகோட்டிகளாகவும், கூலியாட்களாகவும் அங்குச் சென்றனர். 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. பெரும்பாலோர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள். அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அக்கடல்வழிப் போக்குவரத்து நின்றுபோயிற்று. அன்று நம்மவர் பிழைப்புத் தேடி இறங்கிய ஊரில், இன்று நாங்கள் பொழுதுபோக்குக்காக இறங்கினோம். இந்த எண்ணம் அப்பகல் முழுவதும் எங்களைவிட்டு நீங்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குழுவில் எண்பத்து நான்கு வயதான ஓர் அம்மையார் இருந்தார். அவர் கைக்குழந்தையாய் இருந்தபோது அவர் தந்தையார் பினாங்கு சென்று, மார்க்கெட் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் அவ்வூர்மீது குண்டு வீசி, அம்மாதமே அதைக் கைப்பற்றினர். அத்துடன் கடிதம் நின்றது. போர் முடிந்த பின்னும் கடிதம் வரவில்லை; ஆளும் வரவில்லை. கடைசிக் கடிதத்தின் உறையை அம்மையார் ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். அவ்வுறையில் கண்ட தெருவில் ஒருமுறை கால் வைக்க வேண்டும் என்பதே அவர் கப்பலேறிய நோக்கம்.

கப்பலில் சுற்றுலா வண்டிக்குச் சீட்டு விற்றனர். ‘எல்லாவற்றையும் காட்டுவீர்களா?’ என்று கேட்டோம். ‘காட்டுவோம்’ என்றனர். ‘மார்க்கெட் தெருவில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?’ என்றோம். வண்டியிலிருந்தே பார்க்கலாம் என்று விடை வந்தது. அம்மையார் சிரித்தார். அப்போதே பேருந்து என்று முடிவாயிற்று.

ஆயினும் சுற்றுலா வண்டியின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் வேண்டும். கப்பலார் தாமே ஏற்பாடு செய்த வண்டி தாமதித்தால், கப்பல் பொதுவாக அதற்காகக் காத்து நிற்கும். தம் விருப்பப்படி வெளியே சென்றவர் தாமதித்தால் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்திற்கு அவர் தம் செலவிலேயே சென்று சேர வேண்டும். ஆகவே பேருந்தில் போகின்றவர் மிச்சப்படுத்தும் பணத்திற்கு ஈடாக ஒரு பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். இதனை மறந்தவர் பேருந்தில் போகலாகாது.

பினாங்கில் இப்பொறுப்பு எளிதானது. சுவெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுன் நகரின் வாயிலிலேயே இருக்கின்றது. வெளியே வந்ததும், விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியின் நினைவாக 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு எதிரே நிற்கும். அதையே அடையாளமாகக் கொண்டோம். வழி தவறினால் ‘மணிக்கூண்டு எங்கே?’ என்று கேட்டால் போதுமல்லவா? அங்கிருந்து கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் வெல்ட் கீ பேருந்து நிலையம். நகரின் பழைய பகுதியைச் சுற்றிவரும் ‘கேட்’ என்னும் பேருந்து அங்கிருந்தே புறப்படுகின்றது. அதற்குக் கட்டணம் இல்லை. மலையடிவாரம் செல்லும் 204 எண் பேருந்தும் அங்கேதான். அதில் கட்டணம் உண்டு. ஆயின் மிகக் குறைவு. நோட்டை நீட்டினால் ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார்; சரியான தொகையைப் பெட்டியில் இடவேண்டும். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் ‘வெள்ளி’ என்றே கூறுகின்றனர். எனவே இறங்கியவுடன் ஒரு கடையில் தண்ணீர்ப் புட்டி வாங்கி, ஒற்றை வெள்ளி நோட்டுகளாக மாற்றிக்கொண்டோம்.

இன்னொன்று கடிகாரம். மலேசிய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முற்பட்டது. எங்களில் இருவர் வீட்டாருடன் பேசுவதற்கு வசதியாக இருக்கும் என்று கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தனர். கரையில் இறங்கும் முன் அவற்றைத் திருத்தச் செய்தோம். மாலை 5 மணிக்குள் அனைவரும் கப்பலில் இருக்க வேண்டும்; 6 மணிக்குக் கப்பல் புறப்படும். இது காலையில் அறிவிக்கப்பட்டது.

வெல்ட் கீயில் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். அம்மையாரின் மகன் உட்பட அறுவர் மலைக்குச் சென்றனர். அம்மையாரும் நால்வரும் நகருக்குள் சென்றோம்.

முதலில் நகருக்குள் சென்றோர் கதை. கேட் பேருந்தில் ஓட்டுநரிடம் ‘லிட்டில் இந்தியா’ என்று சொல்லி ஏறினோம். நிறுத்தம் வந்ததும் அவரே தலையசைத்து, அம்மையார் இறங்கும் வரை காத்திருந்தார். இறங்கிய இடத்திலிருந்தே மல்லிகை மணமும் மசாலை மணமும் வழிகாட்டின. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துக்களைக் கண்டபோது, டில்லியில் எழுத்துக் கூட்டி இந்தி படித்துப் பழகிய எங்கள் கண்கள் ஒரு நொடி ஓய்வெடுத்துக்கொண்டன.

மார்க்கெட் தெருவில் கடைகளின் முன்புறம் வெயிலும் மழையும் படாத ஐந்தடிப் பாதை செல்கின்றது. உறையில் கண்ட எண்ணைத் தேடி ஒரு கடைமுன் நின்றோம். இப்போது அங்குப் பித்தளை விளக்குகளும் பூசைப் பொருள்களும் விற்கின்றனர். பழைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றுதானா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து, “அம்மா, உட்காருங்கள். எந்தக் கடையானால் என்ன? அவர் இந்தத் தெருவில்தானே நடந்திருப்பார்” என்றார். அம்மையார் அங்கு அரை மணி நேரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பேருந்தில் வந்தவர்க்கு இப்படி உட்காரும் உரிமை உண்டு.

பிறகு அருகிலுள்ள மகாமாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். 1833-இல் எழுந்த கோயில் அது. அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டனர். தந்தையின் பெயரைச் சொன்ன அம்மையார், நட்சத்திரம் தெரியாது என்று கூறி ஊர்ப் பெயரைச் சொன்னார். அதுவே போதும் என்று அருச்சகர் ஏற்றுக்கொண்டார். சில தெருக்கள் தள்ளி, 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தோற்றுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கின்றது. அதே தெருவில் சீனரின் கோயிலும், 1818-இல் கட்டப்பெற்ற கிறித்தவத் தேவாலயமும் உள்ளன. யுனெஸ்கோ 2008-இல் இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதன் காரணம் அத்தெருவில் நடந்தால் விளங்கும்.

கடைசியாகப் பொருள் வாங்கினோம். சௌராஸ்தா சந்தை என்று ஒன்று உண்டு. நாற்சந்தி என்று பொருள்படும் அச்சொல்லை டில்லிவாசிகளாகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஜாதிக்காயின் சதைப்பற்றை நறுக்கிச் சர்க்கரையில் ஊறவைத்த பண்டமும், ஜாதிக்காய்த் தைலமும் பினாங்கின் தனிச்சிறப்பு. இரண்டும் இலேசானவை, விலையும் மிகுதியன்று. பித்தளை விளக்கை மட்டும் அம்மையார் அந்தக் கடையிலேயே வாங்கினார். அதன் பாரத்தை நாங்கள் முறை வைத்துச் சுமந்தோம். 3 மணிக்குக் கப்பல் துறைக்குத் திரும்பிவிட்டோம்.

இனி மலைக்குச் சென்றோர் கதை. பினாங்கு மலை 800 மீட்டருக்கு மேல் உயரமானது. 1923-இல் ஓடத் தொடங்கிய கம்பிவட இரயில் மேலே ஏற்றிச் செல்கின்றது. 2011-இல் புதுப்பித்த பின் பயணம் சில நிமிடமே. மேலே குளிர்ந்த காற்றும், முருகன் கோயிலும், பள்ளிவாசலும், கீழே நகரும் கடலும் கண்டு அறுவரும் மகிழ்ந்தனர். பேருந்துக்கு ஆன நேரத்தையும் இரயில் பயண நேரத்தையும் அவர்கள் சரியாகவே கணக்கிட்டிருந்தனர். கணக்கிடாதது வரிசையில் நிற்கும் நேரத்தை. ஏறுவதற்கு நின்றதைவிட இறங்குவதற்கு நீண்ட நேரம் நின்றனர். அடிவாரம் வந்தபோது 3 மணி கடந்துவிட்டது. பேருந்து வர இருபது நிமிடம். ஆயர் ஈத்தாம் கடைவீதியில் வண்டிகள் நெருங்கி நின்றன. கொம்தார் கட்டடத்தை அடைந்தபோது 4 மணி 20 நிமிடம். அதற்குமேல் பேருந்து நகரவில்லை.

துறையில் நாங்கள் நின்ற நிலையைச் சொல்லி முடியாது. 4 மணிக்கே நால்வர் அம்மையாரைக் கப்பலுக்குள் அழைத்துச் செல்ல முயன்றோம். அவர் வாயிலருகே நின்றுவிட்டார். “இந்த ஊருக்கு வந்த ஒருவருக்காக ஆயுள் முழுதும் காத்தாயிற்று. இன்னொருவரை இங்கே விட்டுவிட்டுக் கப்பல் ஏறமாட்டேன்” என்றார். அவர் குரல் உயரவில்லை. நாங்களும் மறுமொழி கூறவில்லை. மகனிடம் தொலைபேசியில் சொன்னோம். “மணிக்கூண்டு பக்கம்தான், பேருந்தைவிட்டு இறங்கி நடந்து வாருங்கள்” என்றோம். அறுவரும் இறங்கி, கடலை நோக்கி ஓட்டமும் நடையுமாக விரைந்தனர். 4 மணி 50 நிமிடத்திற்கு வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தனர். அம்மையார் மகனைத் திட்டவில்லை. கையிலிருந்த ஜாதிக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

பெரியோர்களே! இதிலிருந்து பேருந்தைக் குறைகூறினால் அது நன்றி மறத்தலாகும். தவறு எங்கள் திட்டத்தில் இருந்தது. ஆகவே, பின்னால் செல்வோர்க்குச் சில கூறுகிறோம். தொலைவிலுள்ளதை முதலில் பார்த்துவிட்டு, அண்மையிலுள்ளதைக் கடைசிக்கு வையுங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தைத் துறையிலிருந்து நடந்து சேரக்கூடிய தொலைவுக்குள்ளேயே கழியுங்கள். கப்பலேறும் நேரத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தைக் கொண்டு கணக்கிடாதீர்கள். வரிசையில் நிற்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். மாலைப் பொழுதில் எந்த ஊரிலும் சாலை நெருங்கும் என்பதை டில்லியில் வாழும் நமக்கு வேறு ஒருவர் சொல்ல வேண்டுமா? கப்பல் அட்டையையும் பாஸ்போர்ட்டின் நகலையும் ஒவ்வொருவரும் தம்மிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாரமான பொருளைக் கடைசியில் வாங்குங்கள்.

நாம் இத்தலைநகருக்கு முதன்முதல் வந்த நாளை எண்ணிப் பாருங்கள். இரயிலைவிட்டு இறங்கி, மொழி தெரியாமல், பேருந்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கரோல் பாக் தேடிச் சென்றவர்கள் அல்லவா நாம்? ‘இந்த வண்டி அங்கே போகுமா?’ என்று கேட்டுக் கேட்டே இவ்வூரைக் கற்றோம். அயலூர்ப் பேருந்தில் ஏறுவது நமக்குப் புதிய கலை அன்று. நாம் முன்பே கற்று, வசதி வந்தபின் மறந்த கலை.

அந்தப் பித்தளை விளக்கு இப்போது நம் காலனியில் ஒரு வீட்டில் எரிகின்றது. தந்தை திரும்பி வராத ஊரிலிருந்து அவர் மகள் திரும்பி வந்தார். தம் மகனுடனும் வந்தார். பத்து நிமிடம் தவறியிருந்தால் இக்கதையை நாங்கள் வேறு விதமாகச் சொல்ல நேர்ந்திருக்கும். ஆகவே பேருந்தில் செல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள்.