கம்பங்கதிரும் கடற்பாசியும்



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் வானம் பார்த்த பூமியில் எம்.ரெட்டியபட்டி ஓர் ஊர். அவ்வட்டாரத்துப் புன்செய்ப் பயிராகிய கம்பைக் கொண்டே, உயிரியலின் பெரிய வினா ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். உட்கரு பொருந்திய உயிரணுக்களால் ஆன உயிர்களை எங்ஙனம் வகைப்படுத்துவது என்பதே அவ்வினா.

உயிர்களை வகுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை அடுக்கிற்று. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் அவற்றைத் தாவரம், விலங்கு என இரண்டு உலகங்களாக்கினார். இரண்டிலும் அடங்காத நுண்ணுயிர்களுக்கு மூன்றாம் உலகம் வேண்டுமென்றார், 1866இல் ஜெர்மானியரான ஹெக்கல். 1969இல் அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் ஐந்து உலகங்களை வகுத்து, பூஞ்சைகளுக்கென ஒன்றைத் தனியே ஒதுக்கினார். அவ்வைந்தில் நான்கு, உட்கருவுடைய உயிர்களுக்கு உரியவை.

இவ்வாறு வகுப்பதால் உழவருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கம்பின் அடிச்சாம்பல் நோயை நோக்குங்கள். இலையின் அடிப்புறத்தில் வெண்பொடி படரும். நோய் முற்றினால், மணி பிடிக்க வேண்டிய கதிரில் பச்சை இலைத்துணுக்குகளே சுருண்டு நிற்கும். 1970களின் தொடக்கத்தில் இந்திய நாட்டில் வீரிய ஒட்டுக் கம்பு வகைகளுக்கு இந்நோய் பேரழிவாக வந்தது.

இதற்குக் காரணமான ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலா என்னும் உயிர், நூலிழைபோல் வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சையென்றே கருதப்பட்டது. ஆயின் உடலமைப்பு வேறு கதை கூறிற்று. பூஞ்சையின் உயிரணுச்சுவரில் கைட்டின் உண்டு. இதன் சுவரிலோ செல்லுலோஸ் உண்டு. நீந்தும் வித்துடைய பூஞ்சைகளில் பெரும்பாலும் அவ்வித்திற்குப் பின்புறம் ஒரே கசையிழை. இதன் வித்திற்கோ ஒன்றையொன்று ஒவ்வாத இரண்டு. டி.என்.ஏ. ஆராய்ச்சியும் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தியது. கரிசல் கம்பைக் கெடுக்கும் இவ்வுயிர், மன்னார் வளைகுடாவின் பழுப்புக் கடற்பாசிக்குத் தூரத்து உறவு! பூஞ்சையோ, செடிகொடிகளைவிட விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, நெருங்கிய உறவு!

இவ்வுறவுமுறை ஏட்டோடு நிற்பதன்று. பூஞ்சைக்கொல்லிகளுள் பல, பூஞ்சை தன் உடலில் எர்கோஸ்டெரால் என்னும் பொருளை ஆக்கிக்கொள்வதைத் தடுப்பவை. அப்பொருளை ஆக்காத உயிரிடம் அவை பலிப்பதில்லை. ஆகவேதான் இந்நோய்க்கு மெட்டலாக்சில் என்னும் வேறுவகை மருந்தால் விதை நேர்த்தி செய்கின்றனர். இனமறியாது மருந்திட்டால் பணமும் போகும், பருவமும் போகும்.

தோற்றத்தை விடுத்து வமிசத்தை நோக்கும் இம்முறையில், 2005இல் பன்னாட்டு அறிஞர்கள் உட்கருவுடைய உயிர்களை ஆறு பெருங்குழுக்களாக அமைத்தனர். அவ்வமைப்பும் 2012, 2019ஆம் ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. பழைய நூல்கள் பொய்யுரைத்தன என்று இதற்குப் பொருளன்று. கண்ணுக்கு எட்டியதை அவை கூறின. இன்று கருவிகள் மேலும் ஆழமாகக் காட்டுகின்றன. உங்கள் ஊர்க் கண்மாய் நீர் ஒரு துளியை நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பாருங்கள். பெயர் சூட்டுவதற்குமுன், அங்கே காணும் உயிர் ஒவ்வொன்றும் யாருக்கு உறவு என்று கேளுங்கள்.