நோய்க்குறிப்பும் நோயாளர் இசைவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அண்மையில் ஒரு மருத்துவமனையில் யான் கண்டதொன்றைக் கூறுவேன். மூதாட்டி ஒருவருடைய பழைய நோய்க்குறிப்புக்களைக் கணினி வழியே பெறுதற்கு இசைவு கேட்டனர். அதற்குரிய இரகசிய எண் உடன்வந்த பேரனது கைபேசிக்கு வந்தது. அவன் படித்துச் சொன்னான், காரியம் முடிந்தது. "எதற்காகத் தம்பி?" என்று வினவினேன். "கேட்டார்கள், சொன்னேன் ஐயா" என்றான். பாட்டியாரை ஒருவரும் ஒன்றும் கேட்டிலர்.

நடுவண் அரசினர் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் நாடெங்கும் தொடங்கினர். அதன்படி விரும்புவோர்க்கு 'ஆபா' என்னும் 14 இலக்க எண் அளிக்கப்படுகின்றது, இது கட்டாயமன்று. குறிப்புக்கள் எழுதப்பெற்ற இடத்திலேயே இருக்கும். நோயாளர் இசைந்தாலன்றி வேறு மருத்துவர் அவற்றைப் பெறுதல் இயலாது. எக்குறிப்பு, எத்துணை நாள் வரை என்று வரையறுத்தும் இசையலாம். கொடுத்த இசைவை மீட்கவும் செய்யலாம்.

இதன்கண் நம்மவர் மனப்பான்மை மூவகைத்து. மருத்துவர் கேட்டால் மறுத்தல் மரியாதையன்று என்று ஆராயாது இசைவோர் ஒரு சாரார். ஏதோ தீங்கு விளையும் என்றஞ்சி எதற்கும் இசையாதார் மற்றொரு சாரார். ஒவ்வாத மருந்து இன்னதெனப் புதிய மருத்துவர் அறிதலும், செய்த சோதனையையே மீண்டும் செய்யும் செலவு ஒழிதலும் ஆகிய நன்மைகளை இவர் இழக்கின்றனர். பிறர்பொருட்டுத் தாமே இசைந்து விடுவோர் மூன்றாஞ் சாரார். இவரைக் குறித்தே யான் பெரிதும் கவல்கின்றேன்.

வெளிப்படக் கூறுகின்றேன்; பொறுத்தருள்க. நம் பெண்மக்கள் அஞ்சுவது அரசினரை அன்று, நம்மையே. வலிப்போ, காசமோ, மனநோயோ உண்டென்பது உறவினர் செவிக்கு எட்டின், தன் மணமேயன்றித் தங்கையின் மணமும் தடைப்படும் என்று அஞ்சி, மருத்துவரிடத்தும் மறைக்கின்றனர். மறைத்த நோய் வளர்கின்றது. வீட்டில் ஒருவர் கைபேசியே எல்லோர் குறிப்புக்கும் திறவுகோலாயின், அவ்வச்சம் இருமடங்காகாதோ?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவென்பது தானே விரும்பி, அறிந்து அளிப்பதாதல் வேண்டும் என்றும், அளித்தல் போன்றே மீட்டலும் எளிதாதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. 18 வயது நிரம்பாத மக்கட்கே பெற்றோர் இசைவை அது வேண்டுகின்றது.

ஆதலின் அன்பர்களே! முதியோர்க்கும் எழுத்தறியாதார்க்கும் உதவுங்கள். ஆயின் படித்துக் காட்டி, அவர் கருத்தைக் கேட்டு, அவர் சொன்னவண்ணம் செய்யுங்கள். எக்குறிப்பு, எவர்க்கு, எத்துணை நாள் என்னும் மூன்று வினாக்களை வினவாது இரகசிய எண்ணைக் கூறற்க. மணமக்கள் தம்முள் உண்மை உரைத்தல் வேறு. உறவினர் துருவியறிந்து ஊரறியப் பரப்புதல் வேறு. பின்னதை நம் குலத்தார் இன்றே கைவிடுவாராக. அங்ஙனம் விடின், நம் பெண்மக்கள் அச்சமின்றி மருத்துவரை நாடுவர்.