எந்த முனையில் நிற்கிறது முக்கோணம்?

நடுவர் அவர்களே! குடவோலைத் தேர்தல் விதிகளை 919, 921ஆம் ஆண்டுகளிலேயே கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர்ப் பெருமக்களே!

குடும்பச் சுமையை அதிகம் சுமப்பது ஆணா, பெண்ணா? பெண்ணே என்பது எங்கள் அணி. எனக்குச் சாட்சி ஒரு முக்கோணம்!

தேர்தல்ல மூணு பேர் நின்னா, தமிழ்ல அது மும்முனைப் போட்டி. காதல்ல மூணு பேர் மாட்டினா, முக்கோணக் காதல். முதலாவதுல ஒருத்தராவது ஜெயிப்பார். ரெண்டாவதுல மூணு பேருமே தோத்துடுவாங்க! (சிரிப்பு)

இன்னொரு முக்கோணம் உண்டு. 1960களில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம், சிவப்பு முக்கோணம். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் சேதி சொன்ன சின்னம். ஆனா ஐயா, அது தலைகீழ் முக்கோணம். ஒரே முனையில நிக்குது. அந்த முனை யாரு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! இத்தனைக்கும் ஆணுக்குத்தான் அது எளிய அறுவை. (கைதட்டல்)

கணவன், மனைவி, பிள்ளை: குடும்பமும் முக்கோணம்தான். அதை நிமிர்த்தி வையுங்க. ரெண்டு பேரும் தரையில ஊன்றி நின்னாத்தான், பிள்ளை உச்சியில நிற்கும்!