ஞாயிறு காலைப் பேட்டியும் ஓர் அலுமினியக் குழாயும்



"அமெரிக்காவைப் பத்தி ஏதாவது பேசுடா" என்று செயலாளர் கட்டளையிட்டார். விசா, பனி எல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்தவை. அங்கே ஞாயிறு காலையில் டி.வி.யில் வரும் அரசியல் பேட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

என்.பி.சி.யின் 'மீட் தி பிரஸ்' 1947இல் தொடங்கியது. சி.பி.எஸ்.ஸின் 'ஃபேஸ் தி நேஷன்' 1954இல். மந்திரியோ செனட்டரோ வந்து உட்காருவார், நிருபர்கள் கேட்பார்கள். அதில் சொன்னது மறுநாள் பேப்பரில் செய்தியாகிவிடும். 1957இல் குருஷேவே கிரெம்ளினில் இருந்து பேட்டி கொடுத்திருக்கிறார்!

'மீட் தி பிரஸ்'ஸை 1991 முதல் 2008இல் காலமாகும்வரை நடத்தியவர் டிம் ரஸ்ஸர்ட். வந்தவர் முன்பு பேசியதைத் திரையில் போட்டு, "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே?" என்பார். வைவாவில் நம்ம ரெக்கார்ட் நோட்டையே நம்மிடம் திருப்பிக் காட்டுவாங்களே, அது மாதிரி.

அப்பேர்ப்பட்டவரிடம் 2002 செப்டம்பர் 8 அன்று துணை ஜனாதிபதி டிக் செய்னி வந்தார். அணுகுண்டுக்காக ஈராக் குழாய் வாங்கப் பார்க்கிறது என்றார். அன்று காலை 'நியூயார்க் டைம்ஸ்'ஸில் வந்த செய்தியையும் சுட்டிக்காட்டினார். அந்தச் செய்திக்குத் தகவல் கொடுத்தவர்களே அவருடைய அரசாங்கத்து அதிகாரிகள்தான்.

அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். வேலைக்குப் போன பிறகு இதைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. குழாயின் விட்டம் 81 மில்லிமீட்டர். சுவரின் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல். அசுர வேகத்தில் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் ரோட்டாருக்கு அவ்வளவு கனம் ஆகாது. சாதாரண ராக்கெட்டுக்குத்தான் பொருந்தும் என்று எரிசக்தித் துறை நிபுணர்கள் 2001இலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2004இல் செனட் குழுவும் அதையே சொன்னது. அதற்குள் 2003 மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது.

"சுவர் எத்தனை மில்லிமீட்டர்?" அன்று இதை யாரும் கேட்கவில்லை. எதிர்க்கருத்து உள்ளவர்கள் தனக்கு ஒரு ஃபோன் செய்திருக்கக் கூடாதா என்று 2007இல் பில் மோயர்ஸிடம் ரஸ்ஸர்ட் வருத்தப்பட்டார். நிருபர்தானே ஃபோன் செய்யணும் என்று பலர் திட்டினார்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு முழுசாகத் திட்ட வாய் வரவில்லை.

என் முதல் வேலையில் ஒரு பிராக்கெட்டின் கனத்தைக் குறைக்க மீட்டிங் நடந்தது. தாங்காது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கலை. ஆறு மாசத்தில் விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் கணக்கு என் மேஜை டிராயரிலேயே கிடந்தது.

இப்போதும் ஞாயிறு காலை காப்பியோடு அந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம். யாராவது வழவழவென்று பதில் சொன்னால், "மில்லிமீட்டர் கேளுங்க சார்!" என்று என் மனைவி டி.வி.யைப் பார்த்துக் கத்துகிறாள்.