கால்கள் திரும்பவில்லை



கையறுநிலை என்பது நம் பழந்தமிழ் இலக்கியத்தில் ஒரு துறையின் பெயர். பாரி இறந்தபின் கபிலர் பாடிய பாடல்களைப் படித்தவர்க்கு அது புதிதன்று. செய்வதற்கு ஒன்றுமின்றிக் கை ஓய்ந்து நிற்கும் நிலையை அச்சொல் அழகாகக் காட்டுகிறது. அத்தகைய நிலையில் ஒருவருக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை என்ன தரவல்லது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பொதுப்படப் பேசினால் உபதேசமாய் முடிந்துவிடும். ஆதலின் ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கேரள நாட்டில், கொச்சியை அடுத்த பகுதியில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் பயில அவர் வேலூருக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்த்த நிறுவனம் அது. பட்டம் பெற்று அங்கேயே பணிபுரிந்து வந்த மேரி, 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தோழர் சிலருடன் வெளியூர் சென்றபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், அதனினும் கொடிது, முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

தண்டுவடம் அறுபட்டால் மீண்டும் ஒட்டி வளர்வதில்லை. அதனினும் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உணர்வற்ற உடம்பு ஒரே பக்கமாய் அழுந்திக் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். அழுந்துகிறது என்று அறிவிக்க வலி இல்லை. சிறுநீர்ப் பையிலும் நச்சுக் கிருமிகள் சேரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை இவ்வாறு அடிபட்டவர்களுள் பெரும்பாலோர் இவற்றாலேயே விரைவில் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்பவர், இவர்களும் உழைத்து வாழ முடியும் என்று காட்டத் தொடங்கினார். அந்த முறை நம் நாட்டில் அன்று வேரூன்றியிருக்கவில்லை. மருத்துவராகிய மேரிக்கு இவை யாவும் தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அறியாதவனுக்குள்ள பொய்யான ஆறுதல்கூட அவருக்கு இல்லை.

அப்படியானால் நம்பிக்கை எங்கே வந்தது? முதலில் அது துயரத்தைக் கூட்டவே செய்யும். கடவுள் இல்லை என்பவனுக்கு விபத்து வெறும் விபத்து. அன்புள்ள கடவுள் உண்டு என்பவளுக்கோ, ‘ஏன்?’ என்ற கேள்வியும் சேர்ந்து சுமையாகிறது. விவிலியம் இக்கேள்வியை மறைப்பதில்லை. யோபுவின் நூல் முழுவதும் அதுவே. பவுல் அடியாரும் தம் உடலில் தைத்த ஒரு முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடியதாக எழுதியிருக்கிறார். முள் நீக்கப்படவில்லை, அதைத் தாங்குதற்கான அருள் உண்டு என்ற விடையே கிடைத்தது. வேண்டினால் எல்லாம் கிடைக்கும் என்று நோயாளியிடம் உறுதி கூறி, கிடைக்காதபோது ‘உன் விசுவாசம் போதாது’ என்று பழிசுமத்துவோர் இந்தப் பகுதியைச் சற்று நின்று படிக்கலாம். அது ஆறுதலன்று, கொடுமை.

மேரிக்கும் கால்கள் திரும்பவில்லை. வேறொன்று நிகழ்ந்தது. வேலூரில் அந்நாளில் டாக்டர் பால் பிராண்டு பணியாற்றினார். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்தை அம்மலையில் கழித்தவர் அவர். தொழுநோயால் நரம்பு கெட்டு, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நேராக்கும் முறையை அவர் உருவாக்கி வந்தார். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்துவது அம்முறை. பின்னர் அந்தக் கை புதிய தசையைக் கொண்டு விரலை அசைக்கப் பழக வேண்டும். அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தவர் பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை செய்வர். கையை அறுக்கும் சிகிச்சையோ உட்கார்ந்து செய்வது. ‘உமக்குக் கைகள் இருக்கின்றனவே’ என்பதே பிராண்டு காட்டிய வழியின் பொருள்.

பல சிகிச்சைகளுக்குப் பின் மேரியால் உட்கார முடிந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தலானார். அக்காலத்தில் உற்றார் உறவினரே தொட அஞ்சி, ஊருக்குப் புறத்தே விலக்கி வைத்திருந்த மக்கள் இவர்கள். இன்று மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகும். அன்று ஒதுக்கமே நோயினும் பெரிதாய் இருந்தது.

இதிலுள்ள ஒற்றுமை என்னை மிகவும் ஈர்க்கிறது. தொழுநோயாளியின் கை அழுகிக் குறைவதற்கு முதற்காரணம், நோய் நேரே தசையைத் தின்பதன்று. உணர்வில்லாமையால் தீயும் முள்ளும் பட்டது தெரியாமல் போவதே என்பது பிராண்டின் முக்கியமான முடிவு. உணர்வற்ற கைகளுடன் வந்தவர்களின் முன்னே, உணர்வற்ற கால்களுடன் ஒரு மருத்துவர் அமர்ந்திருந்தார். ‘உன் நிலை எனக்குத் தெரியும்’ என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவர் தம் ஆண்டவரைப் பற்றிச் சொல்வதும் இதுவே. துன்பத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர் அல்லர். சிலுவையில் அதனுள் நுழைந்தவர் என்கிறார்கள். இந்த நம்பிக்கையைத் தருக்கத்தால் நிறுவ நான் முயலவில்லை. ஆயினும் இப்படி நம்புகிற ஒருவருக்குத் தம் ஊனமே பிறரிடம் செல்லும் வாயிலாகத் தோன்றுவது இயல்பு.

கையறுவைக்குப் பிறகு மேரியின் கருத்து தம்மைப் போன்றவர்கள்மேல் சென்றது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும், பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அரசு பத்மசிறீ விருது வழங்கியது. 1986-இல் மறைந்தார்.

மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், சுமையின் அடியில் சிக்கியவர் எனப் பலதிறத்தாரும் இத்தகைய நிலையங்களுக்கு வருகின்றனர். முதலில் அவர்கள் கற்பவை எளியவை: குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுத்தல், கைகளை ஊன்றிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு நகர்தல், நாள்தோறும் ஒரு சிறு கண்ணாடியை வைத்துத் தம் முதுகுத் தோலில் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று தாமே பார்த்தல். மேரியின் காலத்தில் பாகாயத்திற்கு வந்தவர்கள், வாழ்வே முடிந்தது என்ற முடிவோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும், சக்கரத்தின் ஓசை கேட்டுத் திரும்புவர். தம்மைச் சோதிக்க வரும் மருத்துவரும் நாற்காலியில்தான் வந்துகொண்டிருப்பார்.